நாவலடிக்குளம் சங்கம் புளோரிடா போன வரலாறு

ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள் என்று சொல்வார்கள். எங்கள் நாவலடிக்குளம் முன்னேற்றச் சங்கத்தின் கனடாக் கிளையில் நாலு பேரும் ஒரே விதமாகக் கதைப்பார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

இருநூற்றுச் சொச்சம் பேரோடு தொடங்கிய சங்கம் அது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததில் ஒன்று திரும்பவும் பிரிந்தது. பிரியப் பிரிய மிஞ்சியது நாலு பேர், நாலு பேருக்கும் பதவி. தலைவர் பஞ்சலிங்கம், என் மாமா. உபதலைவர் தில்லைநடராசா, தலைவருக்கு ஏதும் நடந்தால் பொறுப்பெடுக்க இருபது வருடமாகக் காத்திருக்கிறவர். செயலாளர் அரியரத்தினம், கூட்டக் குறிப்பு எழுதவென்றே பிறந்தவர். போசகர் சிற்றம்பலம், எண்பது வயது. போசகர் என்றால் என்ன வேலை என்று அவரும் கேட்டதில்லை, ஒருவரும் சொன்னதுமில்லை.

பெண்களைச் சேர்க்கச் சங்கத்தின் யாப்பில், அதாவது சட்டவிதியில், இடமில்லை. ஏன் இல்லை என்று கேட்டால், "யாப்பிலை இல்லை, பிள்ளை" என்பார்கள். சரி, யாப்பை மாற்றுங்கள் என்றால், "அதுக்கும் யாப்பிலை ஒரு வழி இருக்கு, அந்த வழியாலைதான் போகவேணும்" என்பார்கள். நான் மாமா வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்து பல்கலைக்கழகம் போய்வருகிறவள். ஓசியில் இருக்கிறவள் ஓரளவுக்குத்தான் வாய் திறக்கலாம். அந்த ஓரளவுக்கே என்னை வாய்க்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

விஷயம் மலர் மாமியின் முழங்காலில் தொடங்குகிறது. போன தை மாதம் பஸ் தரிப்பில் ஐஸ் சறுக்கி விழுந்ததில் இருந்து மாமிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. படுக்கையறை மேலே, பதினாலு படி. கீழே ஓர் அறை இருக்கத்தான் இருக்கிறது. அதில் சங்கத்தின் இரும்பு அலுமாரியும், ஒலிபெருக்கியும், எண்பத்தேழாம் ஆண்டு விளையாட்டுப் போட்டிக் கேடயங்களும் குடியிருந்தன. வீட்டின் சூடு பதினேழு பாகை. அதைக் கூட்டுகிற பொத்தானுக்கு மேல் மாமா ஒரு பிளாஸ்டிக் பெட்டி பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் போட்டிருந்தார். குளிருது என்றால், "ஸ்வெற்றர் போடும்" என்பார்.

டொக்டர் சொன்னது இரண்டு சொல். "வருகிற வின்ரருக்கு நாலு மாதம், சூடான இடத்தில், படி ஏறாமல் இருங்கள். இல்லையென்றால் இரண்டு முழங்காலையும் வெட்டி மாற்றவேண்டி வரும்."

வெட்டுவது என்றதும் மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா அன்று மாலையே அவசரக் கூட்டம் கூட்டினார். கனடாவில் வயது போன வெள்ளைக்காரர்கள் ஸ்நோவுக்கு முன்னம் வீட்டையே வாகனத்தில் கொழுவிக்கொண்டு புளோரிடாவுக்குப் போய், குளிர் முடிய வருகிறார்கள் அல்லவா, அதுபோலச் சங்கமும் போகும் என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றினார்கள். மாமியின் முழங்காலுக்காக ஒரு பிளேன் ரிக்கற் எடுத்தால் போதாதா என்று நான் கேட்டதை, "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று செயலாளர் குறித்துக்கொண்டார். அவருடைய கொப்பியில் கவனத்தில் எடுக்கப்பட்டவை தனியாக நாற்பது பக்கம் இருக்கின்றன. ஒருவரும் வாசிப்பதில்லை.

ஆவணியில் ட்ரெய்லர் பார்க்கப் போனோம். விற்கிறவன் கிரெக் என்ற நெடுவல். என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போனார்கள். நாலு பேரும் முப்பத்தைந்து வருடமாக இங்கே ஆங்கிலத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள்தான். ஆனால் சங்க அலுவல் தமிழில் நடக்கவேண்டும் என்பது யாப்பு. ஆகவே கிரெக் சொல்வது நாலு பேருக்கும் விளங்கும், தலையும் ஆட்டுவார்கள், பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர்கள் தெரிவுசெய்தது "ஃபிஃப்த் வீல்" என்கிற சாதி. ஐந்தாம் சில்லு. அதன் மூக்கு ட்ரக்கின் முதுகில் ஏறி உட்காரும். உட்காருகிற இடத்தில், ட்ரக்கின் முதுகில், ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. அதுதான் ஐந்தாம் சில்லு. போசகர் அது தெரியாமல் ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றிச் சில்லு எண்ணிய கதையை நான் சொல்லப் போவதில்லை. எல்லாரும் எதிர்பார்க்கிற பகிடி அது.

கிரெக் நல்லவன். "அவசரப்படாதீர்கள். வாங்க முன்னம் உள்ளே போய் வாழ்ந்து பாருங்கள். கட்டிலில் படுத்துப் பாருங்கள்" என்றான். நான் மொழிபெயர்த்தேன். நாலு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிப் போய் ஒரே கட்டிலில் படுத்தார்கள். இரண்டரை மணித்தியாலம் படுத்தார்கள். கிரெக் கடையைப் பூட்டுகிற நேரம் வந்து தட்டி எழுப்பினான்.

"எப்படி?" என்று கேட்டான்.

"கனவு ஒண்டும் வரேல்லை," என்றார் போசகர். "நல்ல கட்டில்."

மாமி கீழே நின்றபடி ஒரேயொரு கேள்வி கேட்டாள். "இஞ்சாருங்கோ, உதுக்கு எத்தனை படி?"

"மூண்டு, மூண்டே மூண்டு," என்றார் மாமா.

"உள்ளை?"

மாமா உபதலைவரைப் பார்த்தார். உபதலைவர் போசகரைப் பார்த்தார். மூக்கு ட்ரக்குக்கு மேலே ஏறி உட்காருகிற சாதியில் படுக்கையறையும் அந்த மூக்கில்தான் இருக்கும். அதற்கு உள்ளே இன்னும் நாலு படி. முழங்காலுக்காக வாங்குகிற வீட்டில் படுக்கப் போக ஏழு படி! நான் அதைச் சத்தமாகவே சொன்னேன். கவனத்தில் எடுக்கப்பட்டது.

அடுத்தது ட்ரக். "முதலில் ட்ரெய்லர், பிறகு அதன் பாரத்துக்குத் தக்க ட்ரக்" என்று கிரெக் சொல்லியிருந்தான். சரியான அறிவுரை. கணக்கும் காட்டினான். ட்ரெய்லர் பதினாலாயிரம் இறாத்தல், இந்த ட்ரக் பதினாறாயிரம் இழுக்கும்.

"அப்ப ரண்டாயிரம் இறாத்தல் இழுவை சும்மா கிடக்கப் போகுது," என்றார் உபதலைவர்.

"சும்மா கிடக்கிற சாமான் பழுதாப்போகும்," என்றார் போசகர். "என்ரை மருமோன் வேலையில்லாமல் இருந்து பழுதாப்போகேல்லையோ?"

"அது பாதுகாப்புக்கு விடுகிற இடைவெளி," என்றேன்.

"பாதுகாப்புக்கு நாங்கள் தேங்காய் உடைப்பம், பிள்ளை," என்றார் மாமா. "உனக்கு இது விளங்காது."

கிரெக்குக்கு இதை மொழிபெயர்க்காமல் விட்டேன். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

இழுவை வீணாகக் கூடாது என்று குளியலறைத் தராசை வாசலில் வைத்து மூன்று நாள் நிறுத்தார்கள். அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், ஒடியல்மா, இரும்பு அலுமாரி, ஒலிபெருக்கி, கேடயம் அத்தனையும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வந்தது. மிச்சம் மூன்று இறாத்தலுக்கு என்ன செய்வது என்று ஒரு மணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில் கூட்டக் குறிப்புக் கொப்பிகளைக் கட்டி வைத்தார்கள், மட்டாக வந்தது. நாலு கிழவர்கள் ஒரு ஹீற்றரோடு இருந்தால் சண்டை வரும் என்று, வீட்டுச் சுவரில் இருந்த பூட்டுப் பெட்டியையும் மாமா கழற்றினார். ட்ரெய்லர் வந்ததும் அதன் பொத்தானுக்கு மேல் பூட்டவேண்டியது. பெட்டிக்குப் பாரமே இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ட்ரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒரு கூட்டம். "நீங்களே வந்து இழுத்துப் போகலாம், இல்லாவிட்டால் நாங்களே இலவசமாகக் கொண்டுவந்து விடுவோம்," என்றிருந்தான் கிரெக்.

"எங்கடை ட்ரக் புதுசு," என்றார் மாமா. "அதை ஏன் பாரம் இழுக்க விட்டுப் பழசாக்குவான்? அவன்ரை பழசு இழுக்கட்டும்."

ட்ரெய்லர் இழுக்கவென்றே வாங்கிய ட்ரக்கைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. புது வாகனத்தைத் தெருவோரம் விட்டால் கண்ணூறு படும் என்று, டிரைவ்வேயின் உட்கோடியில், கராஜ் கதவோடு மூக்கு முட்ட விட்டு, மேலே ஒரு படங்கும் போர்த்தினார்கள். அடுத்த நாள் கிரெக்கின் ஆள் வந்து ட்ரெய்லரைப் பின்பக்கமாக உள்ளே தள்ளி விட்டுவிட்டுப் போனான். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் பக்கத்து வீட்டு வேலி, நடுவில் தெருவரை ட்ரெய்லர். கிரெக்கின் பழைய ட்ரக் விட்ட புகையில் மாமாவுக்குத் தும்மல் பிடித்துவிட்டது. இனிமேல் சங்கத்தின் ட்ரெய்லரைச் சங்கத்தின் ட்ரக் தவிர வேறெந்த வாகனமும் இழுக்கக் கூடாது என்று அந்த இடத்திலேயே நின்று தீர்மானம் போட்டார்கள்.

எனக்கு அன்றைக்குப் பரீட்சை. பின்னேரம் வந்து பார்த்தேன். "மாமா, ட்ரக் உள்ளே அகப்பட்டுப் போய் நிக்குது" என்றேன்.

செயலாளர் கொப்பியை எடுத்தார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

"புறப்பட முன்னம் வீட்டு வாசலிலேயே ஒரு கிழமை அதற்குள் இருந்து பாருங்கள், குறை இருந்தால் தெரியும்," என்பது கிரெக்கின் கடைசி அறிவுரை. ஒரு கிழமை என்றால் ஏழு முழு நாள், வீட்டுக்குள் ஒருவரும் காலடி வைக்காமல், என்று சங்கம் விளக்கம் கொடுத்தது. நாலு பேரும் சாரம், தலையணையோடு குடிபெயர்ந்தார்கள். மூன்றாம் நாள் போசகர் சவர அலகு எடுக்க வீட்டுக்குள் வந்தார். எண்ணிக்கை முதலில் இருந்து. அடுத்த தரம் ஐந்தாம் நாள் உபதலைவர் கிரிக்கெற் பார்க்க வந்து அகப்பட்டார். பிறகு ஆறாம் நாள் செயலாளருக்குப் பேனை முடிந்தது. இப்படியே எண்ணி எண்ணிப் புரட்டாசி போய், ஐப்பசி போய், மரமெல்லாம் இலை கொட்டி நின்றது.

மாமி? "பயணம் வெளிக்கிடேக்கை ஏறுறன்" என்று வீட்டில் நின்றுவிட்டாள். சங்கச் சாமான் போனதால் கீழ் அறை வெறுமையாய்க் கிடந்தது. நானும் மாமியும் கட்டிலை அங்கே இறக்கினோம். பதினாலு படியும் போயிற்று. பிறகு மாமி சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. நடுவில் பொத்தான், மூடியில்லாமல். மாமி என்னைப் பார்த்தாள், யன்னலால் ட்ரெய்லரைப் பார்த்தாள். விரலை வைத்தாள். பதினெட்டு. பத்தொன்பது. இருபதில் ஒருதரம் நிறுத்தி மூச்சு விட்டாள்.

"அமத்துங்கோ மாமி, அது கடிக்காது."

இருபத்தைந்தில் கையை எடுத்தாள். கதிரையை இழுத்து, சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில் போட்டு, இரண்டு முழங்காலையும் அதற்கு நேரே நீட்டிக்கொண்டு இருந்தாள். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் அந்த முகத்தை மாமா கண்டிருக்கமாட்டார்.

கார்த்திகைக் கடைசியில் ஒருவாறு ஏழு நாள் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை, பத்தரைக்கு நல்ல நேரம். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமி கைப்பையோடு படியடியில் வந்து நின்றாள். முகம் செத்துப் போயிருந்தது. ஏழு படியையும் கண்ணால் ஏறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாவது எலுமிச்சம்பழம் போசகரின் கையில். ஐந்தாம் சில்லு ட்ரக்கின் முதுகில் இருக்கிறது என்பது இப்போது அவருக்குத் தெரியும். முன்னுக்குப் போனார், தெருதான் இருந்தது. வேலிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவால் வயிற்றை எக்கிக்கொண்டு பின்னுக்குப் போனார். படங்கைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"தலைவர்! ட்ரக் பின்னுக்கு நிக்குது."

"பின்னுக்கெண்டால்?"

"வண்டிலுக்குப் பின்னாலை மாடு நிக்கிற மாதிரி."

மற்ற மூன்று பேரும் வேலி இடுக்கால் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப தள்ளிக்கொண்டு போகலாமே," என்றார் உபதலைவர்.

"புளோரிடா வரைக்கும் தள்ளுறதோ?" என்றார் மாமா. "ட்ரக் ஓடுறவருக்கு றோட்டுத் தெரியாதே."

"ஆரும் முன்னாலை நடந்து வழி காட்டலாம்."

"ஆர் நடக்கிறது?"

"போசகர்தான். வழிகாட்டுறதுதானே போசகற்றை வேலை."

தன் பதவிக்கு ஒரு வேலை இருப்பதை முதன்முதலில் கேள்விப்பட்ட போசகர், கண் கலங்கி, மஃப்ளரை இறுக்கிக் கட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கிரெக்குக்கு ஒரு போன் அடியுங்கோ! அவன்ரை ட்ரக் வந்து ட்ரெய்லரைத் தெருவிலை இழுத்து விட்டால் உங்கடை ட்ரக் வெளியிலை வரும். அஞ்சு நிமிட வேலை!"

"நல்ல யோசினை," என்றார் மாமா. எனக்கு நெஞ்சு நின்றுபோயிற்று. "ஆனால் தீர்மானம் இருக்கே. வேறை வாகனம் இழுக்கேலாது."

"தீர்மானத்தை மாத்துங்கோ!"

"மாத்திறதெண்டால் பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்துக்கு அஞ்சு அங்கத்தவர் வேணும்," என்றார் செயலாளர். "நாங்கள் நாலு பேர்."

நாலு தலையும் மெல்லத் திரும்பி மாமியைப் பார்த்தன.

"மலரைச் சேர்த்தால் அஞ்சு," என்றார் மாமா.

"பொம்பிளையளைச் சேர்க்க யாப்பை மாத்தவேணும்."

"மாத்துவம்."

"யாப்பை மாத்தப் பொதுக்கூட்டம் வேணும்."

"கூட்டுவம்."

"அதுக்கு அஞ்சு பேர் வேணும்."

"மலரைச் சேர்த்தால் அஞ்சு."

இப்படி மூன்று சுற்றுச் சுற்றினார்கள். இதைத்தானே ஐயா நான் அறிவு தெரிந்த நாளில் இருந்து கேட்கிறேன்! ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தால் இன்றைக்குப் புளோரிடாவில் இருந்திருப்பீர்களே என்று கத்தினேன். மாமா முதல் தடவையாக மாமியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், நீர் என்ன சொல்லுறீர்? யாப்புக் கிடக்கட்டும், சும்மா சேரும். ஆரும் கேக்கப் போறேல்லை."

மாமி ட்ரெய்லரின் படியைப் பார்த்தாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே இருந்த சூட்டுக்குக் கீழ் அறை யன்னல் கண்ணாடி ஆவி பிடித்துப் போயிருந்தது.

"யாப்பெண்டால் யாப்புத்தானே," என்றாள். "அதை மீற நான் ஆர்?"

கைப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நடையில் நொண்டல் இல்லை. கதவு சாத்துப்பட, முதல் ஸ்நோ விழத் தொடங்கியது.

நாலு பேருக்கும் இப்போது வேறு சிக்கல். நல்ல நேரத்தில் தேங்காய் உடைத்துப் புறப்பட்டவர்கள் பயணம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பக் கூடாது. அப்படித் திரும்பிய உபதலைவரின் பெரியப்பாவை அன்றைக்கே மாடு இடித்ததாம். ஆகவே, சங்கம் பயணத்தில் இருக்கிறது என்று தீர்மானித்து உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள்.

நாலு மாதம் பயணத்தில் இருந்தார்கள். கராஜில் இருந்து போன வயரில் அவர்களுக்குக் கரண்ட். சூடு பதினேழு பாகை, பூட்டுப் பெட்டிக்குள். குளிருது என்று உபதலைவர் அழுதால், "ஸ்வெற்றர் போடும்" என்று மாமாவின் குரல் கேட்கும். மார்கழியில் தண்ணீர்க் குழாய் உறைந்தது. பிறகு ஸ்நோவை உருக்கிப் பல் தீட்டினார்கள். போசகர் மட்டும் புளோரிடா உடுப்பு என்று அரைக்காற்சட்டையோடு இருந்தார், முழங்கால் நாவற்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. ஊரில் இருந்து அழைப்பு வந்தால், "றோட்டிலை நிக்கிறம், சரியான ட்ராஃபிக்" என்பார்கள். மாமி பின்னேரங்களில் என்னிடம் கூழும் புட்டும் கொடுத்துவிடுவாள். நான் தட்டினால் மாமா யன்னலைத் திறந்து, "இது எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்பார்.

"ஸ்காபரோ."

"இன்னும் ஸ்காபரோவோ," என்று பெருமூச்சு விட்டு வாங்கிக்கொள்வார்.

பங்குனியில் மாமியை டொக்டரிடம் கூட்டிப் போனேன். பஸ்ஸில் போனோம், மாமியே நடந்து ஏறினாள். டொக்டர் முழங்காலை மடக்கினார், நீட்டினார், எக்ஸ்ரே படம் பார்த்தார். வெட்டத் தேவையில்லை என்றார். "நான் சொன்னபடி சூடான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள். நல்லது. எங்கே போனீர்கள்?"

"நான் எங்கையும் போகேல்லை, டொக்டர்," என்றாள் மாமி. "அவை போச்சினம்."

சித்திரை பிறக்க ஸ்நோ கரைந்தது. குளிர் முடிந்தால் புளோரிடாவில் இருந்து திரும்பத்தானே வேண்டும்? சங்கம் கூடித் தீர்மானித்தது. மாமா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நாங்கள் திரும்பி வாறம். ஆரிட்டையும் ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து ஏத்து. வெறுங்கையோடை வரேலாது, வாற வழியிலை ஒரு பை தோடம்பழமும் வாங்கு, புளோரிடா ஒறேஞ்சாப் பாத்து."

ட்ரெய்லர் படியில் இருந்து வீட்டுக் கதவுக்குப் பன்னிரண்டு அடி. நான் வாதாடவில்லை. அந்த வருடம் முதல் தடவையாக வாதாடவில்லை. பழத்தை வாங்கிக்கொண்டு வந்து, நாலு பேரையும் சூட்கேஸோடு காரில் ஏற்றி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டு வாசலில் இறக்கினேன்.

மாமி கதவைத் திறந்து, கைபிடியைப் பிடிக்காமல் வாசற்படி மூன்றையும் இறங்கி வந்து பழப் பையை வாங்கினாள்.

"பாத்தீரோ!" என்றார் மாமா பூரிப்போடு. "நாங்கள் புளோரிடா போனது உம்மடை காலுக்கு எவ்வளவு நல்லது!"

உள்ளே கால் வைத்தவர் அப்படியே நின்றார். "இதென்ன இப்பிடி வெக்கை?"

"புளோரிடாவாலை வந்த ஆக்களுக்கு இது வெக்கையே?" என்றாள் மாமி.

மாமாவின் கை கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. சாவி இருந்தது. சுவரில் நாலு ஓட்டைதான் இருந்தது.

அதற்குள் வெளியே ஒரு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தோம். போசகர், அரைக்காற்சட்டையோடு, ட்ரெய்லருக்குப் பின்னால், தலைகால் தெரியாத சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு நின்றார். ஒரு கையில் படங்கு, மறு கையில் காய்ந்து கறுத்த ஐந்தாவது எலுமிச்சம்பழம்.

"தலைவர், ஓடி வாங்கோ! நான் அண்டைக்கே சொன்னனான், நல்ல ட்ரக் எண்டு! எங்களுக்கு முதல் வந்து சேர்ந்திட்டுது!"